கொடுப்பதற்காக வளர்ப்பது

கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலிக்காக எமது இல்லத்தின் கேற்றைத் திறந்தபோது மதிலோரமாக ஒரு பிஸ்கட் பெட்டி இருந்தது. சணல் கயிற்றால் கட்டி, மூச்சு விடுவதற்காகப் பக்கத்தில் நான்கு துளைகளும் போட்டிருந்தார்கள். உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள். கண் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஐந்தும் பெட்டை.

எம்பிலிப்பிட்டியவில் இது புதுமையான காரியமன்று. கோவில், விகாரை, சந்தை, ஆஸ்பத்திரியின் பின்புறம் என்று நாலுபேர் வந்து போகிற இடமாகப் பார்த்து, இரவோடு இரவாகக் குட்டிகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். பெரும்பாலும் பெட்டைக் குட்டிகளே வரும். கடுவன் குட்டியைக் காவலுக்கென்று யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். பெட்டை என்றால் வருடத்துக்கு இரண்டு தடவை குட்டி போடும், அந்தக் குட்டிகளை என்ன செய்வது என்ற பயம். பெட்டியில் துளை போட்ட மனிதரைப் பற்றி நான் அன்று முழுவதும் யோசித்தேன். குட்டிகள் சாகவேண்டும் என்று நினைத்தவர் துளை போடமாட்டார். தன்னால் முடியாததை வேறொருவர் செய்வார் என்று எண்ணியிருக்கிறார், அவ்வளவுதான். அவர் செய்தது சரியென்று சொல்ல நான் வரவில்லை.

நான் செய்ததும் சரியில்லை. பாவம் பசிக்கிறதே என்று பசுப்பாலைக் காய்ச்சி ஒரு தட்டில் ஊற்றி வைத்தேன். பின்னேரம் ஐந்துக்கும் வயிற்றோட்டம். அவற்றைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினேன். பசுப்பாலிலுள்ள சீனியைச் சின்னக் குட்டிகளின் வயிறு தாங்காது என்று அவர் விளக்கினார். பிறகு, "பாதர், உங்கள் இல்லத்தில் பகலில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். யாரும் இல்லை. நாங்கள் மூவரும் காலையில் வெளிக்கிட்டால் இருட்டிய பிறகே திரும்புவோம். "அப்படியானால் மனிதர் இருக்கிற ஒரு வீட்டைத் தேடுங்கள். எட்டு, பத்துக் கிழமை போதும். அதற்குப் பிறகு நிரந்தர வீடு பார்க்கலாம்" என்றார்.

அப்படித்தான் நான் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன்.

இடைத்தங்கல்

அவர் ரக்வானைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் சப்பிரகமுவாவின் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போய்ச் சேர்ந்தன. 1983இல் போனவர்களில் இவரது குடும்பமும் ஒன்று. அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, உழுந்தும் மிளகாயும் செய்தார்கள். 2009இல் அந்த நிலமும் கைவிட்டுப் போனது. முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் தம்பியை நம்பி இந்தப் பக்கம் வந்து, அரை ஏக்கர் துண்டில் வாழையும் கத்தரியும் வைத்துப் பிழைக்கிறார்கள். வீட்டில் மகள், மருமகன், பதினொரு வயதுப் பேரன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "சாமி, நாங்களே வாழ்நாள் பூரா இடைத்தங்கல் முகாம்ல கெடந்தவங்க. இப்ப நாய்க்கு இடைத்தங்கல் நடத்தச் சொல்றீங்களா?"

சிரிப்பு அடங்கிய பிறகுதான் மற்றக் கதை வந்தது. 1983இல் லொறியில் ஏறியபோது அவர்கள் வீட்டு நாய் பின்னால் ஓடிவந்திருக்கிறது. பாலம் வரைக்கும் வந்தது, அதற்குப் பிறகு காணவில்லை. வீடு எரிந்ததைச் சொன்னபோது கலங்காத அவருடைய குரல் இங்கே கலங்கியது.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களில் அநேகரிடம் இப்படியொரு பாலம் இருக்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களும், 2008, 2009இல் வன்னியில் இடத்துக்கு இடம் நகர்ந்தவர்களும் மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு, நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டு வந்ததை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்கே இடமில்லாத வாகனத்தில் நாய்க்கு எங்கே இடம்? அதைப் பற்றிப் பேசவே வெட்கப்படுகிறோம். இத்தனை பேர் இறந்திருக்க நாயைப் பற்றி அழுவதா என்று நமக்கு நாமே வாயை மூடிக்கொள்கிறோம்.

ஆனால் இது எங்கும் உள்ள விஷயமே. 2005இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, வளர்ப்பு மிருகங்களை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வெள்ளத்துக்குள்ளேயே இருந்துவிட்டவர்கள் பலர். அதன் விளைவாக, அனர்த்தகால வெளியேற்றத் திட்டங்களில் வீட்டு மிருகங்களையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று அந்நாட்டில் 2006இல் சட்டமே கொண்டுவந்தார்கள். வேதாகமத்தில் தோபித்து நூலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: நாடு கடத்தப்பட்டு நினிவே நகரில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை அது. மகன் தூரப் பயணம் புறப்படும்போது நாயும் கூடவே போகிறது. கதைக்கு அந்த நாயால் ஒரு பயனும் கிடையாது. ஆனாலும் எழுதியவர் அதை விட்டுவிடவில்லை.

செவிலியின் வேலை

தற்காலிகமாக வளர்ப்பது என்றால் என்ன என்பதில் நமக்குள் குழப்பம் உண்டு. வளர்த்தால் அது நமது, கொடுத்தால் அது கைவிடுதல் என்று நினைக்கிறோம். நமது பழைய இலக்கியத்தில் செவிலித்தாய் என்றொரு பாத்திரம் வரும். பெற்றவள் வேறு, ஊட்டி, உறங்கவைத்து, ஆளாக்குபவள் செவிலி. ஒரு நாள் அந்தப் பெண் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று தெரிந்தே வளர்ப்பாள். நாய்க்குட்டிக்கு நாம் செய்யவேண்டியதும் இந்தச் செவிலியின் வேலையே.

இதை நேரில் பார்க்க நமக்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. எம்பிலிப்பிட்டியவிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் உடவளவை. அங்கே வனஜீவராசிகள் திணைக்களம் 1995இல் ஆரம்பித்த யானைக்குட்டிகளின் இடைத்தங்கல் இல்லம் இருக்கிறது. தாய் துப்பாக்கிச் சூட்டில் இறந்தோ, கிணற்றிலும் குழியிலும் விழுந்தோ, கூட்டத்தை விட்டுப் பிரிந்தோ தனித்துப்போன குட்டிகளை நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அங்கே கொண்டுவருகிறார்கள். குழந்தைகளுக்குரிய பால்மாவைக் கரைத்து, புனலும் குழாயும் வைத்து, சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஊட்டுகிறார்கள். நான்கு, ஐந்து வயதானதும் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். முதல் கூட்டத்தை விட்டது 1998இல். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் இப்படிக் காட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. சிலவற்றின் கழுத்தில் வானொலிப் பட்டி கட்டி, போன இடத்தில் எப்படி இருக்கின்றன என்று பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

ஒரு குட்டியின் பால்செலவை ஏற்று வளர்ப்புப் பெற்றோராகவும் வெளியார் சேரலாம். பணம் கொடுத்தாலும் குட்டி அவர்களுடையதாகிவிடாது. பார்க்கப் போகிறவர்கள் தள்ளி நின்று மேடையிலிருந்து பார்க்கலாம், தொட முடியாது. முதல் தடவை போனபோது எனக்கு இது சற்றுக் கடுமையாகத்தான் பட்டது. கேகாலை மாவட்டத்துப் பின்னவலை யானைகள் சரணாலயத்தை அறிந்தவர்களுக்கு வித்தியாசம் விளங்கும். 1975இல் அங்கே தொடங்கப்பட்ட அந்த இடத்தில் யானைகள் மனிதரோடு பழகி, அங்கேயே தங்கிவிடுகின்றன. உடவளவையில் குட்டி மனிதரோடு ஒட்டிக்கொண்டால் பிறகு காட்டில் வாழத் தெரியாது; ஊருக்குள் வரும், சுடப்படும். ஆகவே அன்பை அளந்து கொடுக்கிறார்கள்.

நாய்க்குட்டி விஷயத்தில் இது நேர்மாறு. அது போய்ச்சேரப்போவது மனிதர் வீட்டுக்கு. மூன்றாவது கிழமையிலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது கிழமை வரையான காலத்தில் ஒரு குட்டி எதையெதைக் கண்டு பழகுகிறதோ, அவற்றுக்கு அது பிற்காலத்தில் அஞ்சாது. அந்தக் காலத்தைப் பெட்டிக்குள்ளோ கூட்டுக்குள்ளோ கழித்த குட்டி, பெரிதானதும் குழந்தையைக் கண்டால் கடிக்கும், சைக்கிளைக் கண்டால் துரத்தும். எனவேதான் வீடு வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். எவ்வளவு பெரிய காப்பகம் கட்டினாலும் ஒரு வீட்டின் சத்தமும் வாசமும் அங்கே கிடைக்காது.

தமிழ்நாட்டில் இன்று பெரிய நிறுவனமாக இயங்கும் இந்திய புளூ கிராஸ் அமைப்பும் ஒரு வீட்டில்தான் ஆரம்பித்தது. 1959இல் சென்னையில் ஒரு மழைநாளில், வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானியான கப்டன் சுந்தரம் தூக்கிக்கொண்டு வீடு வந்தார். அவரது மனைவி உஷாவும் விமானம் ஓட்டியவர். அந்த வீடே முதல் காப்பகமாயிற்று. பிடித்துக் கொல்வதால் தெருநாய்கள் குறையா, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விடுவதே வழி என்று அவர்கள் 1960களிலிருந்தே வாதாடினார்கள். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. நமது நாட்டில் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தியது 2006இல்.

பத்துக் கிழமைகள்

இனி அந்த அம்மாவின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் செய்ய முன்வந்தால் உதவும் என்பதற்காகச் சற்று விரிவாகவே.

சமையற்கட்டின் ஓரத்தில், அடுப்புச் சூடு எட்டுகிற தூரத்தில் ஒரு பழைய தேயிலைப் பெட்டியைப் படுக்கவைத்து, கிழிந்த சேலைகளை விரித்தார். குட்டிகள் முதலில் சாவது பசியால் அல்ல, குளிரால் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. இரவில் ஒரு போத்தலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி நடுவில் வைப்பார். ஐந்தும் அதைத் தாயென்று நினைத்து ஒட்டிக்கொள்ளும். கண் திறக்காத குட்டிகள் வந்தால் வேலை இன்னும் அதிகம்: இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கவேண்டும், குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நெஞ்சுக்குள் போய்விடும் என்பதால் குப்புறப் படுத்த நிலையிலேயே ஊட்டவேண்டும், ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் துடைத்தால்தான் அவை மூத்திரம் போகும். தாய் நாக்கால் செய்வதை நாம் துணியால் செய்கிறோம்.

எமது குட்டிகள் அந்த நிலையைத் தாண்டியிருந்தன. வைத்தியர் சொன்னபடி நாய்க்குட்டிக்கான பால்மாவில் தொடங்கி, நாலைந்து நாளில் குழைய வேகவைத்த சோற்றோடு முள் நீக்கிய மீனும் அவித்த முட்டையும் பிசைந்து கொடுத்தார்கள். வெங்காயம் சேர்ந்த கறிச்சோறு கொடுக்கக்கூடாது என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம காலத்து நாயெல்லாம் என்னத்த சாப்புட்டுச்சு?" வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் என்று விளக்கிய பிறகு, தாளிக்கிறதுக்கு முன்னமே ஒரு கரண்டி எடுத்து வைக்கப் பழகிக்கொண்டார். சமைத்த கோழி எலும்பும் ஆகாது. அது ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

பூச்சி மருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கொடுத்தோம். முதல் தடவை வந்த புழுக்களைப் பார்த்துவிட்டு, குட்டியின் வயிறு உப்பியிருந்தது கொழுப்பால் அல்ல என்று பேரனுக்கு விளங்கியது. அந்தப் புழு சில பிள்ளைகளுக்கும் தொற்றும். குட்டியைத் தூக்கிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும் என்பதை நான் சொன்னால் கேட்காத பையன், புழுவைப் பார்த்த பிறகு தானாகவே கழுவினான்.

இருட்டினால் குட்டிகள் வீட்டுக்குள். மலைப்பக்கத் தோட்டங்களில் நாயைச் சிறுத்தை தூக்கிப்போவது உங்களுக்குத் தெரியும். இங்கே கீழே மலைப்பாம்பு இருக்கிறது, வாய்க்கால் ஓரம் கபரகொய்யா இருக்கிறது.

ஏழாவது கிழமையில் ஒரு குட்டி சாப்பிடாமல் ஒதுங்கிப் படுத்தது. அடுத்த நாள் வாந்தி, அதன் பிறகு இரத்தமாக வயிற்றோட்டம். பார்வோ என்னும் வைரஸ் நோய். முதல் தடுப்பூசி போட்டிருந்தோம். ஆனால் குட்டிகளுக்கு மூன்று, நான்கு கிழமை இடைவெளியில் மீண்டும் மீண்டும் போட்டால்தான் முழுப் பாதுகாப்பு வரும். இரண்டு குட்டிகளுக்கு நோய் கண்டது. சேலைன் ஏற்றி ஒன்றைக் காப்பாற்றினார்கள். மற்றது மூன்றாம் நாள் விடியற்காலையில் பையனின் மடியிலேயே இறந்தது. வாழைக்குழியில் புதைக்கவேண்டாம், ஆழமாக வேறிடத்தில் புதையுங்கள் என்று வைத்தியர் சொல்லியனுப்பினார். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட இருக்கும். இனி ஒரு வருடத்துக்கு அந்த முற்றத்துக்கு ஊசி போடாத குட்டி எதையும் கொண்டுவரக் கூடாது என்றும் சொன்னார்.

நோயை யார் கொண்டுவந்தார்கள்? குட்டிகளைப் பார்க்கத் தோட்டம் தோட்டமாகச் சுற்றிவிட்டு வந்த ஆட்களில் நானும் ஒருவன். என் செருப்பிலும் வந்திருக்கலாம். அன்றிலிருந்து படலைக்கு வெளியே செருப்பைக் கழற்றி, வெளிறல் நீர் கலந்த தண்ணீரில் கால் கழுவாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று அந்த அம்மா சட்டம் போட்டுவிட்டார்.

விசர்நோய் பற்றி

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பான வார்த்தை சொல்லவேண்டும். இரக்கம் காட்டப்போய் உயிரை விடக்கூடாது. நீர்வெறுப்பு நோய் என்றும் விசர்நாய்க்கடி என்றும் சொல்லப்படும் நோய்க்கு, அறிகுறி கண்ட பின் மருந்தே கிடையாது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வந்தது நாயிடமிருந்து. நமது நாட்டில் 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி கிடைப்பதாலும் அண்மைய ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. பூச்சியம் ஆகவில்லை.

சின்னக் குட்டிதானே, அதற்கெங்கே விசர் என்று நினைக்கவேண்டாம். குட்டிக்கும் வரும். தெருவிலிருந்து எடுத்த குட்டி கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும், உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கவேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; அங்கே ஊசி இலவசம். நாயைக் கட்டிவைத்து 14 நாள் கவனிக்கச் சொல்வார்கள். அந்த நாட்கள் முடியட்டும் பிறகு போவோம் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. நாய்களுக்கான விசர்த் தடுப்பூசியும் சுகாதாரப் பகுதியினரால் இலவசமாகவே போடப்படுகிறது. உங்கள் பகுதிக்கு எப்போது வருவார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குணம் மாறி, காரணமின்றிப் பாயும், அல்லது எச்சில் வடித்து மூலையில் பதுங்கும் வளர்ந்த நாயை எந்தக் காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கைமாறிய நாட்கள்

நான்கு குட்டிகள் எஞ்சின. பத்தாவது கிழமை நெருங்க, கேட்டு வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். யாருக்காவது கொடுத்துத் தொலைத்தால் போதும் என்றால் பிஸ்கட் பெட்டிக்காரருக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரித்தார். கலியாணப் பேச்சுக்கூட இவ்வளவு கண்டிப்பாக நடக்காது. வீட்டில் யார் யார், நாய் எங்கே படுக்கும், மழைக்கு ஒதுங்க இடம் உண்டா, முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில் முக்கால்வாசி தெரிந்துவிடும். பன்றி வேட்டைக்குப் பழக்கக் கேட்ட ஒருவரையும், கடைவாசலில் நாள் முழுதும் கட்டிவைக்கக் கேட்ட ஒரு முதலாளியையும் திருப்பி அனுப்பினார். முதலாளி எமது இல்லத்துக்கு நல்ல உபகாரி. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

எல்லோருக்கும் ஒரு நிபந்தனை: ஆறு மாதமானதும் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டும். பெட்டை நாய் ஆறு, எட்டு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு அறுபத்துமூன்று நாளில் குட்டி. அதைத் தடுக்காவிட்டால், நாம் பத்துக் கிழமை கண்விழித்து வளர்த்ததெல்லாம் அடுத்த வருடம் நாலு பெட்டிகளாக எமது வாசலுக்கே திரும்பி வரும்.

முதல் குட்டி வளவைக் குடியேற்றத்து விவசாயி ஒருவருக்குப் போனது. சிங்களவர், வாழைத்தோட்டக்காரர். இரவில் யானை வந்தால் குரல் கொடுக்க ஒரு நாய் வேண்டும் என்றார். யானையைத் துரத்துகிற நாய் பயந்து எஜமானிடமே ஓடிவந்தால், யானையும் பின்னாலேயே வரும். ஆகவே இரவில் வீட்டுக்குள் வைத்திருந்து குரைக்க மட்டும் விடவேண்டும் என்று பேரன் அவருக்குச் சொல்லிக்கொடுத்தான். அவர் சிரித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். 1960களில் உடவளவை நீர்த்தேக்கம் கட்டியபோது காட்டு மிருகங்களுக்கும் இடமில்லாமல் போனது. அவற்றுக்காக 1972இல் தேசிய பூங்காவைப் பிரகடனம் செய்தார்கள். அதற்குள் சேனை செய்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவருடைய தகப்பனாரும் அவர்களில் ஒருவர். அம்மாவுக்குச் சிங்களம் தெரியும். இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இடையில் போகவில்லை.

இரண்டாவது குட்டி ஒரு தோட்டத்துக் காவற்காரரிடம் போய், பதினொரு நாளில் திரும்பி வந்தது. கோழிக்குஞ்சுகளைக் கடித்துவிட்டதாம். அதை ஏற்றுக்கொண்டோம். திருப்பித் தருவதற்கு முகம் கொடுக்காவிட்டால் அடுத்த தடவை இரவோடு இரவாகத் தெருவில் விடுவார்கள். பிறகு கோழி வளர்க்காத ஒரு வீட்டுக்கு அது போயிற்று. மூன்றாவது, பார்வோவில் பிழைத்தது, வைத்தியரின் உதவியாளரே கேட்டு எடுத்துக்கொண்டார்.

நாலாவதைப் பேரன் தனக்கென்று பெயர் சூட்டியிருந்தான். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை அதற்காக இரண்டு மாதமாகக் காத்திருந்தார். கொடுக்கவேண்டிய நாளன்று பையன் ஒரு நியாயம் சொன்னான்: இன்னும் ஒரு வருடத்துக்கு இந்த முற்றத்துக்குப் புதுக்குட்டி வரமுடியாது, ஊசியெல்லாம் போட்ட இந்தக் குட்டி இங்கே இருப்பதால் யாருடைய இடமும் போகாது, அப்படியிருக்க ஏன் கொடுக்கவேண்டும்? எனக்கு அது நியாயமாகவே பட்டது. நான் அதை வாய்விட்டும் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் பையனிடம் சொன்னார்: "டீச்சருக்கு வாக்குக் குடுத்தாச்சு. அந்தப் புள்ளையும் கூடு செஞ்சி வச்சிக்கிட்டு இருக்கு." பையன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஆசிரியையின் கையில் கொடுத்துவிட்டு, வாழைகளுக்குள் போய்விட்டான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவனைச் சைக்கிளில் ஏற்றி ஆசிரியையின் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை மருமகன் செய்தார். உடவளவையில் வானொலிப் பட்டி கட்டுகிறார்கள், எமக்குச் சைக்கிள்.

நான்கில் மூன்றுக்குக் கருத்தடை முடிந்துவிட்டது. வாழைத்தோட்டக்காரர் கூட்டிவந்த நாளில் சத்திரசிகிச்சைக்கான வரிசை நீண்டு, அவருடைய முறை வரவில்லை. அடுத்த திகதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் மதிலோரத்தில் இன்னொரு பெட்டி. மூன்று குட்டிகள், அதிசயமாக ஒன்று கடுவன். அம்மாவின் முற்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டது. அவர்கள் வன்னியிலிருந்து வந்தவர்கள், நாய் வளர்த்துப் பழக்கமில்லை. தேயிலைப் பெட்டியைக் கொடுக்கக்கூடாது, அதிலும் கிருமி இருக்கும் என்று அம்மா புதிதாக ஒன்றைத் தேடச் சொன்னார். காலையும் மாலையும் அவர்கள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, வெந்நீர்ப் போத்தலுக்கு எத்தனை சுற்றுத் துணி சுற்றவேண்டும் என்று உரத்த குரலில் சொல்லிக்கொடுக்கிறார். உள்ளே போவதில்லை. இந்தப் பக்கம் யாரிடமாவது பழைய தேயிலைப் பெட்டி இருந்தால் எமது இல்லத்தில் கொடுத்துவிடுங்கள்.